அப்பாவுக்கு போன், வீட்டுக்கு சிம்: தங்கச்சிமடம் பக்கம் எதை எடுக்கலாம்?

தங்கச்சிமடம்_பையன்

வணக்கம் எல்லாருக்கும். அப்பா நாட்டுப்படகுல போறவங்க, பெரும்பாலும் தென்கடல் பக்கம். வச்சிருந்த போன்ல சார்ஜ் போடுற ஓட்டை பூராம் பச்சை படிஞ்சு செத்துப் போச்சு, கடைல கொடுத்தா உள்ள போர்டையே உப்பு அரிச்சிருச்சுன்னு சொல்லிட்டாங்க. புதுசு வாங்கணும், இருபதாயிரத்துக்குள்ள தான் முடியும். சாம்சங் ஏ17 5ஜி, மோட்டோ ஜி86 பவர், ரெட்மி 15 5ஜி, இந்த மூணும் பாத்து வச்சிருக்கேன். ஒவ்வொருத்தன் ஒவ்வொண்ணு சொல்றான், யூடியூப்ல பாத்தா கேமராவையும் கேமையும் பத்தியே பேசுறாங்க, கடலுக்குக் கொண்டு போற ஆளுக்கு எது தாங்கும்னு ஒருத்தரும் சொல்லக் காணோம்.

அதோட சிம் பிரச்சினையும் இருக்கு. வீட்டுல எல்லாருக்கும் ஒரே கம்பெனி, பேரு வேணாம். மாடிக்குப் போனா தான் பேச முடியுது, வீட்டுக்குள்ள சிக்னல் ஒரு கோடு வரும் போகும். அம்மா மீன் ஏலத்துக்குப் போறவங்க, தங்கச்சி மதுரைல காலேஜ் படிக்குது. எல்லாரையும் நம்பர் மாறாம வேற கம்பெனிக்கு போர்ட் பண்ணிரலாமா, பண்ணுனா எந்தக் கம்பெனிக்கு? நம்ம பக்கத்து ஆளுங்க சொல்லுங்க, மெட்ராஸ்ல எடுக்குற சிம் இங்க எடுக்கணும்னு இல்ல.

ராம்நாடு_சர்வீஸ்

தம்பி, நான் ராமநாதபுரத்துல செல்போன் சர்வீஸ் பாக்குறவன், கடற்கரைல இருந்து வர்ற போன் தான் எனக்கு பாதி வேலை, அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன் பொறுத்துக்கங்க.

நல்ல தண்ணில விழுந்த போனும் கடத்தண்ணில விழுந்த போனும் ஒண்ணு இல்ல. உப்புத்தண்ணில கரண்டு நல்லா ஓடும், போன் ஆன்ல இருக்கும்போது உள்ள போச்சுன்னா பேட்டரி கரண்டே செம்பை அரிக்க ஆரம்பிச்சிரும், நீங்க சொன்ன பச்சை அது தான். அதுக்கப்புறம் காய வச்சாலும் தண்ணி தான் போகும், உப்பு உள்ளயே உக்காந்துக்கும். நம்ம ஊர் காத்துல இருக்குற ஈரத்தை அந்த உப்பு இழுத்துக்கிட்டே இருக்கும், அதனால இன்னைக்கு ஓடுற போன் ஒரு மாசம் கழிச்சு சாகும். அரிசிக்குள்ள போட்டு வைக்கிறதுல ஒரு பிரயோஜனமும் இல்ல, அரிசி உப்பை எடுக்காது, தூசி தான் ஓட்டைக்குள்ள போகும்.

இப்ப நீங்க சொன்ன மூணு போனுக்கு வருவோம். தூசியும் தண்ணியும் எவ்வளவு தாங்கும்னு காட்டுறது தான் ஐபி நம்பர். ஏ17 ஐபி54, அதாவது சாரல் பட்டா தாங்கும், முங்குனா தாங்காது. ரெட்மி 15 ஐபி64, தூசி உள்ள போகாது, தண்ணி விஷயத்துல அதுவும் சாரல் அளவு தான். ஜி86 பவர் ஐபி68, ஐபி69 ரெண்டும் போட்டிருக்கான், முங்குனாலும் கொஞ்ச நேரம் தாங்கும், வேகமா தண்ணி பீச்சி அடிச்சாலும் தாங்கும். கடலுக்குக் கொண்டு போறதுன்னா இந்த மூணுல என் ஓட்டு மோட்டோவுக்குத் தான், அதுல எனக்கு சந்தேகமே இல்ல.

ஆனா ஒண்ணு நல்லா கேட்டுக்கங்க. இந்த ஐபி டெஸ்ட் பூராம் நல்ல தண்ணில பண்றது. கடத்தண்ணிக்கு எந்தக் கம்பெனியும் பொறுப்பு எடுக்காது, பீச்சுல பயன்படுத்தாதீங்கன்னு சாம்சங்கே சொல்லுது, உள்ள தண்ணி போச்சுன்னா வாரண்டியும் பொதுவா செல்லாது. அதனால அப்பா கரைக்கு வந்த உடனே போனை நல்ல தண்ணில மெதுவா கழுவி, துடைச்சு, ஓட்டை கீழ பாத்த மாதிரி நிழல்ல வைக்கச் சொல்லுங்க. ஈரம் காயாம சார்ஜ் போடவே கூடாது, பாதி போன் சாகுறது கடல்ல இல்ல, வீட்டுக்கு வந்து ஈரத்தோட சார்ஜ் போடும்போது தான். இந்தக் கழுவுற கதை ஐபி68 போனுக்கு மட்டும், மத்ததுன்னா உடனே ஆஃப் பண்ணிட்டு கடைக்கு கொண்டு வந்திரணும்.

இன்னொண்ணு, டிஸ்ப்ளேவோ பேட்டரியோ மாத்தக் கழட்டுன போனுக்கு பழைய பாதுகாப்பு இருக்குதுன்னு நம்பக் கூடாது. ஓரத்துல ஒட்டியிருக்குற பசை போயிரும், திரும்ப கம்பெனி மாதிரி ஒட்டுறது எங்களாலயும் முழுசா முடியாது. செகண்ட்ஸ்ல ஐபி68 போன் கிடைக்குதுன்னு யாராவது சொன்னா இதை ஞாபகம் வச்சுக்கங்க.

உச்சிப்புளி_பிகாம்

ரெட்மி 15-ல பேட்டரி 7000 எம்ஏஎச் ப்ரோ, வந்தப்ப விலை 14,999. மோட்டோ 17,999, சாம்சங் 18,999. மூவாயிரம் மிச்சம், அதுல நல்ல தண்ணி போகாத பை வாங்கி கழுத்துல மாட்டி விட்டா முடிஞ்சது. கடல்ல பேட்டரி தான் ராஜா.

ராம்நாடு_சர்வீஸ்

பை நல்லது தான், ஐபி68 போனுக்கும் பை போடணும்னு தான் நானும் சொல்லுவேன். ஆனா ஜி86 பவர்லயும் 6720 எம்ஏஎச் இருக்கு தம்பி, ரெட்மிக்கும் அதுக்கும் பேட்டரில பெரிய வித்தியாசம் இல்ல. வலை இழுக்குறவன் கை ஈரத்தோட பையைத் திறப்பான், மூடும்போது மீன் செதிலோ மணலோ வாய்ல மாட்டும், அன்னைக்கு பை வேலை செய்யாது. பையும் வேணும் போனும் தாங்கணும்.

தொண்டி_டீச்சர்

சாம்சங்கை இப்படி சுலபமா தள்ளிரக் கூடாது. ஏ17-க்கு ஆறு வருஷம் அப்டேட் தர்றாங்க, மோட்டோ ஜி86 பவர்ல ஆண்ட்ராய்டு ஒரு தடவை தான் மேல போகும், செக்யூரிட்டி மூணு வருஷம். பேங்க் ஆப்பும் யுபிஐயும் பழைய ஆண்ட்ராய்டுல ஒரு கட்டத்துக்கு மேல ஓடாது, நம்ம ஆளுங்க ஒரு போனை வாங்குனா அது உடையுற வரைக்கும் வச்சிருப்பாங்க, அப்ப அப்டேட் தானே முக்கியம்? எங்க வீட்டுல பெரியவங்களுக்கு நான் எப்பவும் இதைப் பாத்துத் தான் வாங்குவேன்.

அப்புறம் தம்பி, அப்பாவுக்கு என்ன வேணும்னு எழுதியிருக்கீங்க, அம்மாவுக்கு என்ன வேணும்னு கேட்டீங்களா? ஏலத்துல நிக்கிறவங்களுக்குத் தான் நாள் முழுக்க போன் வேணும், விலை கேட்டு யாவாரி கூப்பிடுவான், காசு ஜிபேல வரும், சத்தத்துல ரிங் கேக்கணும், வெயில்ல ஸ்க்ரீன் தெரியணும். அவங்க கைல என்ன போன் இருக்குன்னு பாருங்க.

தங்கச்சிமடம்_பையன்

டீச்சர், அம்மா கைல அப்பாவோட பழைய போனுக்கும் முந்துன போன் தான் இருக்கு. ஸ்க்ரீன்ல கீறல். நீங்க சொன்ன பிறகு தான் கேட்டேன், வெயில்ல ஒண்ணுமே தெரியாது, யாராவது பையனைக் கூப்பிட்டு காசு வந்துருச்சான்னு பாக்கச் சொல்லுவேன்னு சொன்னாங்க.

மண்டபம்_கேம்ப்

நான் கொஞ்சம் வேற மாதிரி சொல்றேன். கடலுக்கு எதுக்கு பதினெட்டாயிரம் ரூபா போனு? ஒரு பட்டன் போன் வாங்கிக் கொடுங்க, நோக்கியா மாதிரி, ரெண்டாயிரம் கூட ஆகாது. சார்ஜ் நாள்கணக்கா நிக்கும், ஈரக் கையில பட்டன் அமுங்கும், டச்சு அமுங்காது. விழுந்து போச்சுன்னாலும் நெஞ்சு வலிக்காது. நல்ல போனை வீட்டுல அம்மாகிட்ட கொடுத்துருங்க.

ஆனா சிம் எதுன்னு பாத்து போடணும். ஜியோவுக்கு 2ஜியே கிடையாது, 2016 செப்டம்பர்ல ஆரம்பிச்சதுல இருந்தே 4ஜி தான், சாதா பட்டன் போன்ல ஜியோ சிம் போட்டா ஒண்ணும் வராது, 4ஜி எடுக்குற பட்டன் போன் தான் வேணும். ஏர்டெல், பிஎஸ்என்எல், வி (வோடபோன் ஐடியா) மூணுலயும் 2ஜி இன்னும் ஓடுது. நெட்டே வேணாம்னா பேசுறதுக்கு மட்டும் ஒரு ரீசார்ஜ் இருக்கு, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், அதாவது டிராய், உத்தரவு போட்டு 2025 ஜனவரில எல்லா கம்பெனியும் கொண்டு வந்தாங்க, 84 நாளுக்கு ஜியோ 448, ஏர்டெல் 469-ன்னு வந்துச்சு. கடைக்காரங்க தானா சொல்ல மாட்டாங்க, கேட்டு போடணும்.

லாஞ்சு_தொழில்

மண்டபம் அண்ணே, பட்டன் போன்ல ஜிபிஎஸ் கிடையாதே. நான் விசைப்படகுல போறவன், திங்கள் புதன் சனி. எங்க லாஞ்சுல தனி ஜிபிஎஸ் இருக்கு, வயர்லெஸ் இருக்கு, ஆனா நாட்டுப்படகுல போற ஆளுக்கு கைல இருக்குற போன் தான் பல நேரம் ஜிபிஎஸ். நிறைய பேருக்கு தெரியாத விஷயம் இது, ஜிபிஎஸ்க்கு சிம்மும் வேணாம் நெட்டும் வேணாம், மேல இருக்குற சாட்டிலைட்ல இருந்து போன் நேரா எடுத்துக்கும். மேப்பை மட்டும் கரையில இருக்கும்போதே டவுன்லோடு பண்ணி வச்சிரணும். பாதி ராத்திரில பனி இறங்கி கரை விளக்குத் தெரியாம நிக்கும்போது அது எவ்வளவு பெரிய துணைன்னு நின்னவனுக்குத் தான் தெரியும்.

அதே சமயம் போனை நம்பி மட்டும் கடல்ல இறங்காதீங்க, இதை நான் எல்லாத்துக்கும் மேல சொல்றேன். டவர் எல்லாம் கரையில ஆளுங்களுக்காக வச்சது, கடலைப் பாத்து வச்சது இல்ல. கரை மறைஞ்ச பிறகு கோடு இருக்குற மாதிரி காட்டும், கூப்பிட்டா போகாது, ஏன்னா டவர் சத்தமா பேசும், நம்ம போனுக்கு அவ்வளவு தூரம் திரும்பக் கத்த சக்தி கிடையாது. வாக்கி மாதிரி இருக்குற விஎச்எஃப் செட்டுல சேனல் 16 ஆபத்துக்கு, அதை கோஸ்ட் கார்டும் கேக்கும் பக்கத்துல இருக்குற போட்டும் கேக்கும், கப்பலும் கேக்கும். போன்ல கோடு இருந்தா கோஸ்ட் கார்டுக்கு 1554, கடலோர போலீசுக்கு 1093. இந்த ரெண்டையும் அப்பா போன்ல முதல் ரெண்டு நம்பரா போட்டுக் கொடு தம்பி, பேரைத் தமிழ்ல போட்டுக் கொடு.

உச்சிப்புளி_பிகாம்

அப்ப ஐபோன் வாங்கிறலாமே, அதுல சாட்டிலைட்ல எஸ்ஓஎஸ் அனுப்பலாம்ல?

லாஞ்சு_தொழில்

இந்தியாவுல அது வேலை செய்யாது தம்பி. ஐபோன் 14-ல இருந்து அந்த வசதி வந்துச்சு, ஆனா நம்ம நாட்டுல திறக்கல. வெளிநாட்டுல இருந்து சாட்டிலைட் போன் கொண்டு வந்து தரேன்னு யாராவது சொன்னாலும் வாங்கிறாதீங்க, துரயா இரிடியம் எல்லாம் அனுமதி இல்லாம வச்சிருந்தா கேஸ் ஆகும், அதுலயும் நம்ம கடல்ல அதை வச்சு மாட்டுனா பதில் சொல்லி முடியாது.

டவர்_ஃபீல்டு

சிம் பத்தி ஒருத்தரும் சரியா இறங்கல, நான் டவர் வேலைல கொஞ்ச வருஷம் இருந்தவன், அதனால சொல்றேன்.

எந்தக் கம்பெனி நல்லதுன்னு கேக்குறதை விட அந்தக் கம்பெனி உங்க வீட்டுக்கிட்ட எந்த அலைவரிசைல விடுதுன்னு கேக்கணும். 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் எல்லாம் தூரம் போகும், சுவருக்குள்ளயும் நுழையும். 2300, 3500 எல்லாம் வேகமா இருக்கும், ஆனா ரெண்டு சுவரு தாண்டுனா படுத்துரும். மாடில கிடைச்சு வீட்டுக்குள்ள கிடைக்கலன்னா பெரும்பாலும் காரணம் இது தான், டவர் தூரத்துல இருக்கும், இல்ல உங்களுக்கு வர்றது மேல் அலைவரிசை மட்டும் தான். நம்ம பக்கம் தார்சு வீடு எல்லாம் கம்பியும் சிமெண்டுமா இருக்கு, அது இன்னும் தடுக்கும்.

ஜியோ 2022 ஏலத்துல 700 மெகாஹெர்ட்ஸ் நாடு முழுக்க எடுத்துச்சு, 5ஜிக்கு அதை என்28-ன்னு சொல்லுவாங்க. ஏர்டெல் அந்த ஏலத்துல 700 எடுக்கல, அவங்ககிட்ட 900 மாதிரி வேற கீழ் அலைவரிசை இருக்கு, அவங்க 5ஜி பெரும்பாலும் 4ஜி மேல தொத்திக்கிட்டு ஓடுற மாதிரி போட்டது, ஜியோ 5ஜி தனியா ஓடும். பிஎஸ்என்எல் 4ஜி 700-லயும் 2100-லயும் வருது, அதாவது பேண்ட் 28, பேண்ட் 1. இது ஏன் முக்கியம்னா, உங்க போன்ல பேண்ட் 28 இல்லன்னா வாசல்லயே டவர் இருந்தாலும் அந்த 4ஜி எடுக்காது. பிஎஸ்என்எல் சரியில்லன்னு சிம்மைத் தூக்கிப் போடுறவங்க முதல்ல போன்ல பேண்டு இருக்கான்னு பாக்கணும். கம்பெனி வெப்சைட்டுல அந்த மாடலுக்கு நேரா எல்லா பேண்டும் எழுதியிருக்கும். கடைக்காரரு "எல்லாம் எடுக்கும்"னு சொல்றதை வச்சு வாங்காதீங்க.

அடுத்தது, 2025 ஏப்ரல்ல இருந்து எல்லா கம்பெனியும் எந்த இடத்துல 2ஜி, 4ஜி, 5ஜி இருக்குன்னு அவங்க வெப்சைட்டுல மேப் போடணும்னு டிராய் சொல்லிருச்சு. தங்கச்சிமடத்தை பெருசாக்கிப் பாருங்க, அக்காமடம், பாம்பன், குந்துகால் வரைக்கும் பாருங்க. மேப்ல பச்சையா இருந்தா வீட்டுக்குள்ள எடுக்கும்னு அர்த்தம் இல்ல, ஆனா மேப்லயே வெள்ளையா இருந்தா போர்ட் பண்ணி பிரயோஜனமே இல்ல. மேப் பாத்த பிறகு அந்தக் கம்பெனி சிம் வச்சிருக்குற சொந்தக்காரங்க யாரையாவது வீட்டுக்குக் கூப்பிட்டு அடுப்படில நின்னு பேசச் சொல்லுங்க, ஏலக்கூடத்துல ஒரு தடவை, கரையில ஒரு தடவை. அது தான் டெஸ்ட்.

கீழக்கரை_காக்கா

அஸ்ஸலாமு அலைக்கும். நல்ல இழை. எங்க ஊர்ல கேள்வியே வேற, ஒவ்வொரு வீட்டுலயும் யாராவது ஒருத்தர் துபாய்லயோ சவுதிலயோ இருக்கோம், போன் அங்க வாங்கி இங்க அனுப்புவோம், சிம் இங்க எடுத்து அங்க கொண்டு போவோம். ரெண்டு விஷயம் சொல்றேன், யாருக்காவது ஆகும்.

ஐபோன் 17 துபாய், சவுதி, கத்தார், குவைத், ஓமான், பஹ்ரைன்ல வாங்குனா சிம் போடுற இடமே கிடையாது, போனுக்குள்ளயே பதிஞ்சுக்குற ஈசிம் மட்டும் தான். இங்க இருக்குற உம்மாவுக்கு ஆசையா அனுப்பிட்டு, ஊர்ல சிம் எங்க போடுறதுன்னு தேடக் கூடாது. ஈசிம்மா மாத்தணும், அதுக்கு நம்பர் யார் பேர்ல இருக்குன்னு பாக்கணும், பழைய சிம் பெரும்பாலும் யார் பேர்லயோ தான் இருக்கும். முதல்ல பேரை மாத்திட்டு பிறகு அனுப்புங்க.

ரெண்டாவது, ஊர் சிம்மை அங்க கொண்டு போறவங்க ரீசார்ஜ் இல்லாம விட்டுராதீங்க. தொடர்ந்து 90 நாள் ஒண்ணும் பண்ணாம இருந்தா நம்பரை எடுத்துரலாம்னு விதி இருக்கு, பேங்க் ஓடிபி பூராம் அந்த நம்பர்ல தான் வருது. அமீரகத்துல வாட்ஸப் கால் வேலை செய்யாது, அதனால போட்டிம்னு ஒரு ஆப் வச்சு தான் வீட்டோட பேசுவோம். வீடியோல முகம் பாக்கணும்னா இங்க வீட்டுல நெட்டு நிலையா வேணும், அதுக்கு மொபைல் டேட்டாவை நம்பாம வீட்டுக்கு பைபர் லைன் இழுக்குறது தான் சரி. வைஃபை வந்துட்டா வைஃபை காலிங்கும் ஆன் பண்ணிக்கலாம், டவர் இல்லாம வைஃபை வழியாவே சாதா கால் போகும், வீட்டுக்குள்ள கோடு இல்லாத பிரச்சினைக்கும் அதுவே மருந்து, தங்கச்சிமடம் தம்பிக்கும் இது பொருந்தும்.

டவர்_ஃபீல்டு

காக்கா சொன்னது ரொம்ப சரி, வீட்டுக்குள்ள மட்டும் பிரச்சினைன்னா போர்ட் பண்றதுக்கு முன்னாடி வைஃபை காலிங் பாத்துருங்க. போன்லயும் அந்த வசதி இருக்கணும், கம்பெனியும் அந்த மாடலுக்கு திறந்து விட்டிருக்கணும்.

அரிச்சல்முனை_வண்டி

தனுஷ்கோடி பக்கம் வர்றவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். நான் சுற்றுலா வண்டி ஓட்டுறேன், 2017-ல அரிச்சல்முனை வரைக்கும் ரோடு போட்ட பிறகு கூட்டம் எக்கச்சக்கம். அங்கிட்டு தலைமன்னார் முப்பது கிலோமீட்டருக்குள்ள தான், நடுவுல தண்ணியும் மணல் திட்டும் தான், மறைக்க ஒண்ணுமே இல்ல, அதனால இலங்கை டவர் இங்க வரைக்கும் எட்டும். நம்ம டவர் மங்குன உடனே போன் அதைத் தேடிப் போகும், இலங்கைக்கு வரவேற்கிறோம்னு மெசேஜ் கூட வரும். ரோமிங் ஆன்ல வச்சிருந்தா காசு போயிரும், ரோமிங் இல்லாட்டியும் போன் அதையும் இதையும் தேடித் தேடியே பேட்டரியைக் குடிச்சிரும்.

செட்டிங்ஸ்ல நெட்வொர்க்கை ஆட்டோமேட்டிக்ல இருந்து எடுத்துட்டு உங்க கம்பெனியை நீங்களே தேர்வு பண்ணி வச்சிருங்க, டேட்டா ரோமிங்கை ஆஃப் பண்ணிருங்க. கம்பிப்பாடு, முகுந்தராயர் சத்திரம் பக்கம் தொழிலுக்குப் போறவங்களும் இதையே பண்ணலாம். திரும்பி வந்து வேற ஊருக்குப் போகும்போது மறுபடி ஆட்டோமேட்டிக் ஆக்கிரணும்.

பாம்பன்_காத்து

நான் ஒரே ஒரு கம்பெனிக்கு மொத்த குடும்பமும் போறதையே எதிர்க்கிறேன். ஏர்செல் ஞாபகம் இருக்கா? நம்ம மாவட்டத்துல எத்தனை வீட்டுல அது தான் சிம்மு. 2018 பிப்ரவரில திவால்னு போய் நின்னாங்க, டவர் எல்லாம் அணைஞ்சு போச்சு, போர்ட் பண்ண மெசேஜ்ல வர்ற கோட் நம்பர் வாங்குறதுக்குக் கூட சிக்னல் இல்லாம ஜனங்க அலைஞ்சாங்க. பத்து வருஷமா வச்சிருந்த நம்பரை விட்டவங்களை எனக்குத் தெரியும், யாவாரிங்க நம்பர் மாறிப் போனதால கொடுக்கல் வாங்கல் அறுந்தவங்களும் உண்டு. இன்னைக்கு இருக்குற கம்பெனி அப்படி ஆகும்னு சொல்லல, ஆனா 2024 ஜூலைல மூணு தனியார் கம்பெனியும் ஒரே வாரத்துல விலையை ஏத்துனாங்க, அப்ப ஒரே கம்பெனில இருந்த வீட்டுக்கு வேற வழி இல்ல.

2024 நவம்பர் 20-ஆம் தேதி மழையை யாரும் மறந்திருக்க மாட்டீங்க, ராமேஸ்வரத்துல ஒரே நாள்ல 40 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சு. அந்த மாதிரி நாள்ல எந்தக் கம்பெனி டவர் நிக்கும்னு யாராலயும் முன்கூட்டியே சொல்ல முடியாது. ஒரு போன்ல ரெண்டு சிம் இடம் இருக்கும்போது ரெண்டு கம்பெனி வச்சுக்க வேண்டியது தானே? ரெண்டாவது சிம்முக்கு பேசுற ரீசார்ஜ் மட்டும் போட்டா போதும்.

மண்டபம்_கேம்ப்

ரெண்டாவது சிம்முக்கும் மாசா மாசம் காசு அழுறது எல்லாராலயும் முடியாது தம்பி. மீன்பிடித் தடைக்காலம் ரெண்டு மாசம் தொழிலே இல்ல, அப்ப ஒரு ரீசார்ஜே பாரம். நாட்டுப்படகுக்குத் தடை இல்லன்னாலும் காத்து நாள்ல போக முடியாது.

பாம்பன்_காத்து

புரியுதுண்ணே. அதனால தான் சொல்றேன், ஒவ்வொரு ஆளுக்கும் ரெண்டு வேணாம், அப்பாவுக்கு ஒரு கம்பெனி, அம்மாவுக்கு வேற கம்பெனின்னு இருந்தா போதும். வீட்டுல நாலு பேர் இருந்து நாலும் ஒரே சிம்மா இருக்கக் கூடாது, அவ்வளவு தான்.

டவர்_ஃபீல்டு

இதுல ஒரு நுணுக்கம் இருக்கு, சொல்லிட்டுப் போறேன். கம்பெனி ரெண்டா இருந்தாலும் டவர் ஒண்ணா இருக்கலாம். ஏர்டெலும் வியும் பெரும்பாலும் இண்டஸ் டவர்ஸ்னு ஒரு கம்பெனியோட டவர்ல தான் வாடகைக்கு இருக்காங்க, ஒரே கம்பத்துல ரெண்டு பேர் ஆண்டெனாவும் தொங்கும். கரண்டு போய் பேட்டரியும் டீசலும் தீர்ந்தா ரெண்டும் ஒரே நேரத்துல அணையும். பிஎஸ்என்எல்லுக்கு பெரும்பாலும் சொந்த டவர். அதனால புயலுக்கும் மழைக்கும் துணையா ரெண்டு சிம் வைக்கிறவங்க பிஎஸ்என்எல்லோட ஒண்ணு, இல்ல ஜியோவும் ஏர்டெலும்னு வச்சா தனித்தனி டவர்ல இருக்க வாய்ப்பு அதிகம். சில இடத்துல ஜியோவும் அதே கம்பத்துல இருக்கும், அதையும் பாக்கணும். தரங் சஞ்சார்னு தொலைத்தொடர்புத் துறை போர்ட்டல் இருக்கு, அதுல உங்க ஊரைப் போட்டா எந்த டவர்ல யார் யார் இருக்காங்கன்னு காட்டும்.

அவசரத்துல அரசாங்கம் கேட்டா ஒரு கம்பெனி சிம்மு இன்னொரு கம்பெனி டவர்ல பேசுற மாதிரி திறந்து விடுவாங்க, புயல் அடிச்ச இடங்கள்ல அப்படி பண்ணியிருக்காங்க. அப்ப போன் செட்டிங்ஸ்ல நெட்வொர்க் ஆட்டோமேட்டிக்ல இருந்தா தான் பிடிக்கும். அரிச்சல்முனை அண்ணன் சொன்ன மேனுவலை வீட்டுல அப்படியே விட்டுராதீங்க.

தேவிபட்டினம்_அக்கா

தம்பி, போர்ட் பண்ற முன்னாடி ஒண்ணு யோசி. அம்மா நம்பர் எங்கெங்க கொடுத்திருக்கு? பேங்க் கணக்கு, ஆதார், ரேஷன் கார்டு, குழுக் கடன், மீனவர் நலவாரியம், எல்லாத்துலயும் அதே நம்பர் தான் இருக்கும். தடைக்கால நிவாரணம் 8,000 ரூபா எங்க வீட்டுக்கு கணக்குல தான் வருது, வந்த மெசேஜு நம்பருக்குத் தான் வருது. அதனால நம்பரை மாத்தவே மாத்தாத, போர்ட் பண்ணுனா நம்பர் அதே தான் இருக்கும், பயப்பட வேணாம். கடைல "போர்ட் பண்ண நாளாகும், புது நம்பர் எடுத்துக்கங்க"ன்னு சொல்லுவாங்க, சம்மதிக்காத.

இங்கிலீஷ்ல போர்ட்னு பெரிய எழுத்துல அடிச்சு ஒரு இடம் விட்டு பத்து நம்பரையும் போட்டு 1900-க்கு மெசேஜ் அனுப்பணும், கோட் நம்பர் ஒண்ணு வரும், நாலு நாள் தான் செல்லும். ஆதாரோட புதுக் கம்பெனி கடைக்கு அம்மாவையே கூட்டிட்டுப் போகணும், சிம் அவங்க பேர்ல தானே. மூணு வேலை நாள்ல மாறிரும். இப்ப இருக்குற கம்பெனிக்கு வந்து 90 நாள் ஆகியிருக்கணும், அதே மாதிரி சிம் தொலைஞ்சு புது சிம் வாங்கி ஏழு நாள் ஆகலன்னாலும் கோட் நம்பர் கிடைக்காது. மிச்சம் இருக்குற ரீசார்ஜ் கூட வராது, அதனால ரீசார்ஜ் முடியுற சமயம் பாத்துப் பண்ணு.

மாறுன அன்னைக்கு ஜிபேயை திரும்ப பதியணும், முதல் 24 மணி நேரம் 5,000-க்கு மேல அனுப்ப விடாது. அதனால ஏலம் பெருசா இருக்குற நாள், லாஞ்சு கரைக்கு வர்ற நாள் பாத்துப் போர்ட் பண்ணாத. யாவாரிக்கு காசு அனுப்ப முடியாம அம்மா நடுவுல நிப்பாங்க.

தங்கச்சிமடம்_பையன்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மேப் பாத்தேன், தரங் சஞ்சார்லயும் பாத்தேன். எங்க தெருவுக்குப் பக்கத்துல இருக்குற டவர்ல நாங்க வச்சிருக்குற கம்பெனியே இல்ல, அது எட்டுறது தள்ளி இருக்குற வேற டவர்ல இருந்து. சித்தப்பா வீட்டுல வேற சிம், அவரைக் கூப்பிட்டு அடுப்படில நின்னு பேசச் சொன்னேன், தெளிவா கேட்டுச்சு. அதனால அம்மா நம்பரை மட்டும் அந்தக் கம்பெனிக்கு போர்ட் பண்றோம், அப்பா நம்பர் இப்போதைக்கு இருக்குறதுலயே இருக்கட்டும், தங்கச்சிக்கு மதுரைல நல்லா தான் எடுக்குது.

போனுக்கு வந்தா, மோட்டோ அப்பாவுக்குன்னு முடிவு பண்ணிட்டேன். அம்மாவுக்கு டீச்சர் சொன்ன சாம்சங் தடைக்காலத்துக்கு முன்னாடி வாங்கணும்னு பாக்குறேன், அது வரைக்கும் இப்ப இருக்குற போனுக்கு ஸ்க்ரீன் மாத்தலாமா, மாத்துனா எவ்வளவு ஆகும்னு சர்வீஸ் அண்ணன் சொல்லுங்க.

ராம்நாடு_சர்வீஸ்

மாடல் பேரை எனக்கு மெசேஜ்ல அனுப்புங்க தம்பி, பாத்துச் சொல்றேன். ரொம்ப பழசுன்னா ஸ்க்ரீனுக்குப் போடுற காசை புதுப் போனுக்கு வச்சுக்கச் சொல்லுவேன்.

அப்பா போனை வாங்குற அன்னைக்கே ஸ்டார் ஹேஷ் 06 ஹேஷ் அடிச்சு வர்ற ஐஎம்இஐ நம்பர், அதாவது போனோட அடையாள நம்பர், ரெண்டையும் எழுதி, பில்லோட வீட்டுல வச்சிருங்க. கரையில யாராவது தூக்கிட்டுப் போனா போலீஸ்ல புகார் கொடுத்துட்டு சஞ்சார் சாத்தின்னு இருக்குற அரசாங்க போர்ட்டல்ல அந்த நம்பரைப் போட்டு பிளாக் பண்ணலாம், அதுக்கு பில் கேப்பாங்க. வாங்குற முன்னாடி அந்த பிராண்டுக்கு ராமநாதபுரத்துல சர்வீஸ் சென்டர் இருக்கா, இல்ல மதுரைக்கு ஓடணுமான்னும் கேட்டுக்கங்க. சார்ஜர் ஓட்டைக்கு சின்ன ரப்பர் மூடி கிடைக்கும், இருபது முப்பது ரூபா தான், நாலஞ்சா வாங்கி வச்சுக்கங்க, கடல்ல அது அடிக்கடி தொலையும்.